பெருக்கத் தெரிந்தவன்

பொய் சொல்லாமல் ஏமாற்ற முடியுமா? நியூஜெர்ஸியிலிருக்கும் என் தம்பி, கார் ஒன்றைக் குத்தகைக்கு எடுக்குமுன் டீலர் கொடுத்த கணக்குத்தாளை எனக்கு அனுப்பினான். பாங்க் குமாஸ்தாவான அண்ணனிடம் வேறென்ன கேட்பான்?

தாளில் வட்டி விகிதம் இல்லை. 0.0025 என்று ஓர் எண் மட்டும். அதை 2400-ஆல் பெருக்கினால் 6 சதவீத வருட வட்டி. தம்பி விசாரித்ததில், நிதி நிறுவனம் நிர்ணயித்தது 0.0020 என்று தெரிந்தது. அதாவது 4.8 சதவீதம். மீதியை ஏற்றியவர் டீலர். இதில் சட்டவிரோதம் ஏதுமில்லை. கடனென்றால் வருட வட்டியைச் சொல்லியாக வேண்டும் என்கிறது 1968-ஆம் வருட அமெரிக்கச் சட்டம். குத்தகைக்கான 1976-ஆம் வருடச் சட்டம் அதைக் கேட்பதில்லை.

சோதனை ஓட்டத்துக்குச் சாவியைத் தயங்காமல் நீட்டியவரும் இதே டீலர்தான். வண்டியை ஓட்டிப் பார்த்துவிடலாம். எண்ணைச் சோதிக்க வாய்ப்பாடு தெரிந்திருக்க வேண்டும். பேரத்தை விளையாட்டு என்று நியாயப்படுத்துகிறவர்கள் உண்டு. விளையாட்டென்றால் விதிகள் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டாமா?

“பெருக்கிப் பார்த்தேன்” என்றானாம் தம்பி. ஏற்றியது உடனே இறங்கிவிட்டது. அவனுக்குச் சந்தோஷம். எனக்கு அப்படி இல்லை. அவனுக்கு அடுத்து அந்த நாற்காலியில் உட்காருகிறவருக்குப் பாங்கில் அண்ணன் இல்லாமலிருக்கலாம்.

நானும் கௌண்டருக்கு உட்புறம் இருப்பவன். கேட்டால் சொல்லிவிடுவேன், இதையே நேர்மை என்று நம்பிப் பல வருடங்களைக் கழித்திருக்கிறேன். கேட்கத் தெரியாதவர் முன் அந்த நேர்மைக்கு என்ன பொருள்? அவர் கையெழுத்திடுகிறார். நான் முத்திரை குத்துகிறேன். பொய் எதுவும் சொல்லவில்லை.