நாலாவது மாடி நட்டு

நான் வேலை பார்ப்பது சென்னையில், அமெரிக்கக் கட்டடங்களின் இரும்பு வேலைக்கு ஷாப் டிராயிங் போடும் ஓர் அலுவலகத்தில். கணக்குப் போட்டு வடிவமைக்கும் பொறியாளர் அங்கே. இரும்பை வெட்டித் துளைபோடும் பட்டறையும் அங்கே. நடுவில் ஒவ்வொரு போல்ட்டையும் வரைவது நாங்கள். சில மாதங்களுக்கு முன், புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, அப்ரூவல் ஆகி வந்துவிட்ட டிராயிங் ஒன்றில் தொங்கு கம்பியின் நட்டைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு எடுத்து வந்தாள். "இது தாங்குமான்னு சந்தேகமா இருக்கு சார்." டீம் லீடர், "ஸ்டாம்ப் போட்டு வந்தாச்சும்மா, டிசைன் நம்ம ஸ்கோப் இல்ல" என்றார். தப்பில்லை, ஒப்பந்தம் சொல்வதும் அதைத்தான். அவள், "சரி சார். ஆனா நான் பாத்துட்டேனே" என்றாள். கடைசியில் பொறியாளரிடம் விளக்கம் கேட்டு ஆர்.எஃப்.ஐ. அனுப்பினோம். கணக்கு சரியாகவே இருப்பதாகப் பதில் வந்தது. எல்லாருக்கும் அதோடு முடிந்துபோனது. எனக்குத்தான் முடியவில்லை.

காரணம், வேறொரு நட்டு. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலுள்ள கான்சஸ் நகரத்து ஹயாத் ரீஜென்சி ஹோட்டலில், முன்கூடத்தின் மேலே நடைபாலங்கள் தொங்கின. நாலாவது மாடிப் பாலத்துக்கு நேர் கீழே இரண்டாவது மாடிப் பாலம். 1981 ஜூலை 17 மாலை, கூடத்தில் நடனம் நடந்துகொண்டிருந்தபோது இரண்டும் சேர்ந்து விழுந்தன. 114 பேர் இறந்தார்கள். காயம்பட்டவர்கள் 200 பேருக்கு மேல்.

முதலில் வரைந்தபடி, கூரையிலிருந்து இறங்கும் ஒரே கம்பி நாலாவது மாடி உத்திரத்தைத் துளைத்துக்கொண்டு இரண்டாவது மாடிவரை போகும். ஒவ்வொரு உத்திரத்துக்கும் அடியில் ஒரு நட்டு. ஆனால் நாலாவது மாடிவரை நட்டை ஏற்ற வேண்டுமென்றால் அவ்வளவு நீளத்துக்கும் மரை வெட்ட வேண்டும். தூக்கி நிறுத்தும்போது மரை நசுங்கிப்போகும். எனவே கம்பியை இரண்டாக்கினார்கள். மேல் கம்பி நாலாவது மாடி உத்திரத்தோடு நின்றது. சில அங்குலம் தள்ளி, அதே உத்திரத்திலிருந்து இன்னொரு கம்பி கீழே இறங்கியது. பட்டறைக்காரர் யோசித்தது நியாயம்தான். அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

எங்கள் ஊரில் கமலை ஓடி ஓய்ந்த கிணறு ஒன்று உண்டு. கோடை விடுமுறை முழுக்க நாங்கள் அதற்குள்தான் கிடப்போம். மேலே கட்டியிருந்த வடக்கயிற்றில் அண்ணனும் நானும் மேலும் கீழுமாகத் தொங்குவோம். அவன் கை அவனைத் தாங்கும், என் கை என்னை. ஒருநாள் விளையாட்டாக நான் கயிற்றை விட்டுவிட்டு அவன் காலைப் பிடித்துக்கொண்டேன். கயிற்றுக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது. அதே இரண்டு பையன்கள், அதே எடை. அண்ணன் கைக்குத் தெரிந்தது. "டேய், விடுடா" என்று அவன் கத்தி முடிப்பதற்குள் இரண்டு பேரும் தண்ணீருக்குள் கிடந்தோம். மேலே வந்ததும் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். கயிற்றின் முறுக்கு அப்படியே பதிந்து சிவந்திருந்தது.

அந்த நாலாவது மாடி நட்டுக்கு நேர்ந்ததும் இதுதான். தன் பாலத்தை மட்டும் தாங்க வேண்டியது, இரண்டு பாலங்களைத் தாங்கியது. நட்டு உடையவில்லை. உத்திரம் இரண்டு சானல்களைச் சேர்த்து வெல்டு வைத்தது. அந்த வெல்டு பிளந்து வழிவிட, பாலம் நட்டைத் தாண்டிக் கீழே போயிற்று. கம்பி கூரையிலிருந்து தொங்கிக்கொண்டே இருந்தது, நுனியில் நட்டும் வாஷரும் அப்படியே. அந்தப் புகைப்படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு பிசையும். பிற்பாடு அரசு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள்: முதலில் வரைந்த ஒற்றைக் கம்பி அமைப்பே நகர விதி கேட்ட வலுவில் சுமார் 60 சதவீதம்தான் தேறும்; மாற்றிய பிறகு அதிலும் பாதி.

மாற்றத்துக்குத் தொலைபேசியில் சம்மதம் வாங்கினோம் என்றது பட்டறைத் தரப்பு. பொறியாளர் தரப்பு அதை ஒப்புக்கொள்ளவில்லை. இணைப்பைக் கணக்குப் பார்ப்பது அவர்கள் வேலை என்று இவர்களும், இவர்கள் வேலை என்று அவர்களும் இருந்துவிட்டார்கள். ஷாப் டிராயிங்கில் மட்டும் பொறியாளரின் ஸ்டாம்ப் விழுந்திருந்தது. மிசூரி மாநிலத்தில் விசாரித்த நீதிபதி 1985இல் அந்த ஸ்டாம்பின் மேல்தான் பொறுப்பைச் சுமத்தினார். ஜாக் கில்லம், டேனியல் டங்கன் என்ற இரு பொறியாளர்களின் உரிமம் பறிபோனது.

அது சரியான தீர்ப்பு என்றே நம்புகிறேன். யாராவது ஒருவர் 'இது என்னுடையது' என்று நிற்காவிட்டால் கட்டடம் யாருடையதும் இல்லாமல் போகும். ஆனால் அந்த ஒருவர் இவர்தான் என்று எழுதி வைத்ததும் மற்றவர்களின் கண்கள் மெல்லச் சோர்ந்துவிடுகின்றன. இதைத் தினமும் பார்க்கிறேன். அப்ரூவல் ஆன தாளை யாரும் இரண்டாம் தடவை அதே கண்ணோடு பார்ப்பதில்லை. சோம்பேறித்தனம் என்று திட்டவும் மனம் வரவில்லை. ஒரு கட்டடத்தில் ஆயிரக்கணக்கான இணைப்புகள். ஒவ்வொன்றிலும் அடுத்தவரைச் சந்தேகித்தால் ஒரு தூண்கூட எழும்பாது. பிறர் கணக்கை நம்பித்தான் இந்தத் தொழிலே நடக்கிறது.

அந்த வழக்கைப் பற்றி எப்போதோ படித்ததில் ஒன்று மனதில் தங்கிவிட்டது. பொறியாளர் தரப்பில் ஷாப் டிராயிங்கைச் சரிபார்த்த டெக்னீஷியன் ஒருவர் கம்பியின் வலுவைப் பற்றியும், ஒரு கம்பி இரண்டானதைப் பற்றியும் கேட்டிருக்கிறார். பதிலும் கிடைத்திருக்கிறது. கம்பி அறுந்துபோகவில்லை. விட்டுக்கொடுத்தது நட்டு உட்கார்ந்த இடம். பதில் சில அங்குலம் தள்ளி விழுந்துவிட்டது.

கில்லம் பிற்காலத்தில் பொறியாளர்கள் முன் நின்று அந்த விபத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் என் மனம் போய் நிற்பது அந்த டெக்னீஷியனிடம்தான். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் கேட்கவாவது செய்தார். கேட்டுப் பதில் வாங்கியதோடு ஒருவருடைய கடமை தீர்ந்துவிடுமா, இல்லை, மனசு அடங்கும்வரை துருவிக்கொண்டே இருக்க வேண்டுமா? அந்த எல்லையை எந்த ஒப்பந்தத்திலும் எழுத முடியாது என்று ஒரு சமயம் தோன்றுகிறது. எழுதாமல் விட்டால் யாரும் அதுவரை போக மாட்டார்கள் என்று இன்னொரு சமயம். இரண்டில் எந்தப் பக்கம் நிற்பது என்று என்னால் இன்னும் தீர்மானிக்க முடியவில்லை.