பேக்கிங்கில் பொய் வேண்டாம்

சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையிலிருந்து மணலிப் பக்கமோ எண்ணூர்ப் பக்கமோ வண்டியைத் திருப்பினால் முன்னாலும் பின்னாலும் கண்டெய்னர் டிரெய்லர்தான். அந்த இரண்டு டிரெய்லருக்கு நடுவே அறுபதில் போகிற பழைய ஆர்.எக்ஸ். 100-இன் பிஸ்டன் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும்? பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். கிளட்சைப் பிடிக்க ஓட்டுகிறவனுக்குக் கண்ணிமைக்கும் நேரம்தான் இருக்கும். பிடித்துவிட்டால் இன்ஜின் மட்டும் போகும். டி.வி.எஸ். 50 போன்ற வண்டியில் சக்கரம் பூட்டாது; இழுவை செத்து நடுரோட்டில் நின்றுவிடும். பின்னால் வருகிற டிரெய்லர் முழு லோடோடு வருகிறது என்பதை மறக்கக் கூடாது.

அப்படிப் பிடித்துக்கொள்ளும் பிஸ்டன்களில் பல, கார்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே காற்றை அடைக்கிற ஒரு பேக்கிங் ஒழுங்காக உட்காராததால் கெட்டவை. அதனால் டூ ஸ்ட்ரோக்கில் கை வைக்கிற ஒவ்வொரு தம்பிக்கும் சொல்கிறேன்: அந்த இணைப்பை ஒப்பேற்றி வண்டியை வெளியே அனுப்பாதே. இன்றைக்கு உன் பட்டறையில் நிற்கிற வண்டியிலிருந்தே ஆரம்பி.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? ஃபோர் ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸ் வெறும் ஆயில் தொட்டி. டூ ஸ்ட்ரோக்கில் அதுவே பம்பு. 1890 வாக்கில் இங்கிலாந்தின் பாத் நகரத்து ஜோசப் டே போட்டுக் கொடுத்த வழி அது. பிஸ்டன் மேலே ஏறும்போது கீழே உண்டாகும் உறிஞ்சலில்தான் காற்றும் பெட்ரோலும் 2டி ஆயிலும் சேர்ந்து உள்ளே வருகின்றன. அந்த உறிஞ்சல் சந்து கிடைத்த இடத்திலெல்லாம் இழுக்கும். பேக்கிங் ஓரத்தில் மயிரிழை வழி இருந்தாலும் கார்பரேட்டரைத் தொடாத காற்று அதன் வழியாக நுழைந்து, கலவையில் பெட்ரோலின் பங்கைக் குறைத்துவிடும். ஆயிலைப் பெட்ரோலிலேயே கலக்கிற வண்டியில் பெட்ரோல் குறைந்தால் கூடவே ஆயிலும் குறையும், ஏனென்றால் லிட்டருக்கு 20 மில்லி என்று நாம் ஊற்றுகிற ஆயில் அந்தப் பெட்ரோலில்தானே கலந்து போகிறது. ஆகச் சூடு ஏறுகிற அதே நேரத்தில் வழவழப்பும் போய்விடுகிறது. அலுமினியம் உருக 660 டிகிரி வேண்டும்; ஆனால் பிஸ்டன் அதற்கு வெகு முன்பே உப்பி போரைப் பிடித்துக்கொள்ளும். பிடிக்காமல் தப்பினால் தலையில் ஓட்டை விழும்.

வண்டி முன்கூட்டியே சொல்லத்தான் செய்கிறது. ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் ரேஸ் இறங்காமல் தொங்கும். ஐட்லிங் நிற்காது. பிளக் வெள்ளை வெளேரென்று இருக்கும். இங்கேதான் நம் பட்டறைகளில் ஒரு கெட்ட பழக்கம் நுழைகிறது. ஊசியை ஒரு காடி தூக்கி வைப்பது, மெயின் ஜெட்டைப் பெரிதாக்குவது, ஏர் ஸ்க்ரூவை இறுக்குவது. சத்தம் சரியாகிவிடும், வாடிக்கையாளரும் சிரித்த முகத்தோடு போய்விடுவார். ஓட்டை அப்படியேதான் இருக்கிறது; நாளைக்கு இன்னும் விரியும். காய்ச்சல்காரனிடமிருந்து தெர்மாமீட்டரைப் பிடுங்கி ஒளித்து வைப்பதற்குப் பெயர் வைத்தியமா?

இன்னொரு பழக்கம் சிலிக்கான் டியூப். கார்பரேட்டர் பக்கம் சந்தேகம் வந்தால் சுற்றிலும் பிதுக்கிவிடுகிறார்கள். பெட்ரோல் பட்டால் அது ஊறி இளகும். உள்ளே பிதுங்கிய நூல் ஒன்று அறுந்து ரீடு வால்வு இதழில் போய் உட்கார்ந்தால் வேறு வினையே வேண்டாம். கிராங்க் கேஸின் இரண்டு பாதியும் சேருகிற இடத்தில் பேஸ்ட் போடச் சொல்லியிருந்தால் போடு, அங்கே அதுதான் முறை. பேக்கிங்குக்கென்று இருக்கிற இடத்தில் பேக்கிங்தான் வேண்டும். கல்யாணப் பத்திரிகை அட்டையும் வேண்டாம். ஷீட்டை ஃபிளாஞ்சின் மேல் வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி வெட்டுகிற வித்தையும் வேண்டாம். அந்தத் தட்டலில் அலுமினிய ஓரம் மழுங்கி, அடுத்த லீக்குக்கு நீயே வழி செய்கிறாய். சிலிண்டருக்கு அடியில் போடுகிற பேக்கிங்கின் கனத்தைக் கண்டபடி மாற்றினால் போர்ட் திறக்கிற நேரமே மாறிவிடும்.

சரியான வழி இது. கண்ணாடித் துண்டின் மேல் 400 நம்பர் வாட்டர் பேப்பரை வைத்து ஃபிளாஞ்சை மெல்ல எட்டுப் போட்டுத் தேய். எங்கே பளபளக்கிறது, எங்கே கறுப்பாகவே நிற்கிறது என்று பார். ஓவராக முறுக்கி முறுக்கி இரண்டு காதும் வளைந்த கார்பரேட்டர்கள் எத்தனை! அப்படிப்பட்ட ஃபிளாஞ்சுக்கு எந்தப் பேக்கிங்கும் நிற்காது. ரப்பர் மேனிஃபோல்டாக இருந்தால் கழற்றி வளைத்துப் பார், கடைசி ஆர்.எக்ஸ். 100 வெளிவந்தது 1996-இல், பழைய ரப்பர் வெடிப்பைத் தன் மடிப்புக்குள் ஒளித்து வைத்திருக்கும். போல்ட்டை ஒரே மூச்சில் இறுக்காமல் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கு.

அப்புறம் சோதனை. ஓடுகிற இன்ஜின் மேல் பெட்ரோலைத் தெளித்து ரேஸ் மாறுகிறதா என்று பார்க்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் செய்கிற வேலையா அது? மெடிக்கல் ஷாப்பில் விற்கும் பி.பி. கருவியின் பல்பும் மீட்டரும் போதும். சைலன்சர் வாயையும் கார்பரேட்டர் வாயையும் ரப்பர் வைத்து அடை, பிளக்கை மாட்டு, பிஸ்டனைக் கீழே இறக்கி வை, காற்றை ஏற்று. மீட்டரின் 300 கோடு கிட்டத்தட்ட 6 பி.எஸ்.ஐ.; அதற்கு மேல் போகாதே, ஆயில் சீல் உதடு பிதுங்கும். முள் சில நிமிஷம் அசையாமல் நிற்க வேண்டும். மளமளவென்று இறங்கினால் சோப்பு நுரை தடவு. குமிழி எங்கே வருகிறதோ அங்கேதான் வேலை. மேனிஃபோல்டில் வராமல் மேக்னெட் பக்கத்துச் சீலில் வந்தால் அதையும் மாற்று. அதுவும் அதே பாவத்தைத்தான் செய்யும். கிளட்ச் பக்கத்துச் சீல் போயிருந்தால் கியர் ஆயிலை இழுத்து வெண்புகையாக விடும், அதைக் கண்டுபிடிப்பது சுலபம்.

இந்த வட்டாரத்துக்கு டூ ஸ்ட்ரோக் அந்நியம் இல்லை. திருவொற்றியூர் என்ஃபீல்டு கம்பெனி புல்லட்டோடு நிற்காமல், வில்லியர்ஸ் இன்ஜின் வைத்த ஃபான்டாபுலஸ் ஸ்கூட்டரையும் 200 சி.சி. மினி புல்லட்டையும் விற்ற காலம் உண்டு. இன்றைக்கு ஆர்.எக்ஸ். மோகத்தில், வீட்டு மூலையில் வருஷக்கணக்காகக் கிடந்த வண்டியைப் பெயின்ட் அடித்து, சத்தத்துக்கென்றே ஒரு சைலன்சரை மாட்டி, ஒரு பேக்கிங்கூட மாற்றாமல் ரோட்டில் விடுகிறார்கள். பெயின்ட்டுக்குச் செலவழித்ததில் நூறில் ஒரு பங்கு போதும், உள்ளே இருக்கிற காகிதம் அத்தனையும் புதிதாகும்.

வண்டிக்காரர்களே, உங்களுக்கும் பங்கு இருக்கிறது. "சாயங்காலம் ஷிஃப்ட்டுக்குப் போகணும், எப்படியாவது ஓட விடுப்பா" என்று மெக்கானிக்கின் தலைமேல் நின்றுகொண்டு, அவன் டியூபைப் பிதுக்கியதும் குறைந்த காசைக் கொடுத்துவிட்டுப் போகிறீர்களே, அந்த ஒப்பேற்றலைக் கேட்டு வாங்கியது நீங்கள்தான். நாளைக்கு வாங்க என்று மெக்கானிக் சொன்னால் பஸ்ஸில் போங்கள். பழைய பேக்கிங்கைக் கையில் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள். முள் நிற்கிறதா என்று நீங்களே மீட்டரைப் பாருங்கள். அந்த ஒரு மணி நேர வேலைக்கு அவன் கேட்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.