ஏரிக்குக் கணக்குச் சொல்பவர் யார்?

ஒருவன் தன் வீட்டுக் கூரையை மேய ஆள் வைத்தானாயின், மழை பெய்த அன்றே வேலையின் தரம் தெரிந்துவிடும். ஒழுகினால் ஆளைக் கூப்பிட்டுக் கேட்பான், கூலியைப் பிடித்துக்கொள்வான். ஊருக்குப் பொதுவான ஏரியைத் தூர் வாரப் பொதுப்பணத்தைக் கொண்டு ஆள் வைத்தாலோ, மழை பெய்த அன்றே வேலை கண்ணுக்கு மறைந்துவிடும். தோண்டிய இடமும் தோண்டாத இடமும் ஒரே நீரின் கீழ் ஒன்றாகிவிடுகின்றன. செய்தவனையும் செய்யாதவனையும் ஏரி காட்டிக்கொடுப்பதில்லை.

இதிலிருந்து ஓர் அறக்கேள்வி பிறக்கிறது. எழுதிக்கொண்ட ஒப்பந்தப்படி செய்தாயிற்று என்பதோடு கடமை தீர்ந்ததா? தீரவில்லையெனின், மிச்சத்தைக் கேட்கும் உரிமை யாருக்கு உண்டு? பொதுநலம் பேசுவோர் யாவரும் நின்று விடைகூற வேண்டிய கேள்வி இது.

தமிழ்நாட்டில் ஏறக்குறைய 39,000 ஏரிகள் உண்டென்பர். 100 ஏக்கருக்கு மேல் பாசனம் தருவன மாநில சர்க்காரின் இலாகாவைச் சார்ந்தவை. அதனிற் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பு. மழைநீரோடு மண்ணும் வந்து படிவது இயற்கை. ஆகவே கரையை உயர்த்துவதும், மதகைப் பழுது பார்ப்பதும், தூர் வாருவதும் ஒருமுறை செய்து ஓய்ந்துவிடும் வேலைகளல்ல, தலைமுறைதோறும் செய்யவேண்டியவை. செய்கிறவர் பெரும்பாலும் கண்டிராக்டர், செய்விக்கிறவர் அதிகாரி, பணமோ குடிமக்களுடையது.

டெண்டர் முறையைக் குறைகூறுவது எளிது. ஆனால் அது ஏன் வந்தது என்பதை மறத்தல் நேர்மையன்று. முறை ஒன்றும் இல்லாத இடத்தில் வேலை யாருக்குக் கிடைக்கும்? தலைவரின் மைத்துனருக்கும், அதிகாரியின் வேண்டியவருக்கும் கிடைக்கும். விளம்பரம் செய்து, மூடிய உறையில் விலை கேட்டு, பலர் முன்னிலையில் பிரித்து, குறைந்த தொகை கேட்டவருக்குக் கொடுப்பது என்பது சலுகைக்கு இட்ட விலங்கு. தமிழ்நாடு 1998ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. நன்றே. ஆயினும் விலங்கு திருட்டைத் தடுக்குமேயன்றி, அன்பை உண்டாக்காது.

ஒப்பந்தம் அளக்கக்கூடியதை மட்டுமே அறியும். இத்தனை கன மீட்டர் மண் எடுத்தல், இத்தனை மீட்டர் கரை பலப்படுத்தல், இத்தனை மதகு கட்டுதல் என்று அது பேசும். அளவுப் புத்தகத்தில் எண் ஏறினால் பட்டியல் பாஸாகும். மண் எங்கே எடுக்கப்பட்டது? வண்டல் படிந்த இடத்திலா, செங்கல் சூளைக்கும் மனை நிரப்பவும் விலைபோகும் நல்ல மண் இருந்த இடத்திலா? மதகின் மட்டத்திற்குக் கீழே ஆழக் குழி தோண்டினால் அந்நீர் தானாக வயலுக்குப் பாயாது என்பதை உழவர் அறிவர், எண் அறியாது. கரையை ஒட்டித் தோண்டினால் கரையே தளரும் என்பதும் அப்படியே. மேலே வரத்துக்கால்வாயை ஒருவர் மடக்கி வீடு கட்டியிருப்பார். அது மதிப்பீட்டில் இல்லை. கால்வாய் அடைபட்டிருக்க ஏரியை மட்டும் ஆழமாக்கினால், ஒப்பந்தம் முழுமையாக நிறைவேறும். ஏரி மட்டும் நிறையாது.

எழுத்து நிறைவேறியும் நியாயம் நிறைவேறாமற் போவதை மலாயாத் தமிழருக்கு விளக்க வேண்டுவதில்லை. ஒப்பந்தக் கூலிகளாய்க் கப்பலேறிய நம் முன்னோரின் கைநாட்டுச் சட்டப்படி செல்லுபடியானதே. கரும்புத் தோட்டத்தில் அவர்கள் பட்ட பாடும் காகிதத்தின்படி பெரும்பாலும் முறையானதே. 1910ஆம் ஆண்டில் அம்முறை இந்நாட்டில் முடிவுற்றது, காகிதத்தில் பிழையிருந்ததாலன்று. காகிதத்திற்கு வெளியே ஒரு மனிதன் இருந்ததால். ஏரிக்கும் அவ்விதமே. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவர் இருவர். அதனால் வாழவோ வாடவோ போகிறவர் அவ்விருவருள் ஒருவருமல்லர்.

அப்படியாயின் கண்டிராக்டரை நீக்கி ஊராரிடமே வேலையை ஒப்படைத்துவிட்டால் என்ன என்பர் சிலர். கேட்க இனிமையான விடை. குடிமராமத்து என்ற பழம்பெயர் அதற்குத் துணையாகவும் வருகிறது. 2017ஆம் ஆண்டு மார்ச்சில் காஞ்சிபுரம் ஜில்லா மணிமங்கலத்தில் அப்பெயரால் ஒரு திட்டம் தொடங்கப்பெற்றது. முதற்கட்டமாக 100 கோடி ரூபாயில் 1,519 வேலைகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. பாசன விவசாயிகளின் சங்கத்திற்கே வேலை. செலவில் பத்தில் ஒரு பங்கை அவர்கள் பணமாகவோ உழைப்பாகவோ தரவேண்டும் என்பது ஏற்பாடு. எண்ணம் போற்றத்தக்கது. ஆனால் சங்கத்தின் பெயர் முன்னே நிற்க, பின்னே பழைய கண்டிராக்டரே நின்றார் என்ற புகார் பல இடங்களில் எழுந்தது.

பழைய குடிமராமத்தும் பாடிப் புகழத்தக்க பொற்காலம் அன்று. 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், ஏரிக்கும் ஆற்றுக்கும் ஆபத்து நேரும்போது உழைப்பாளி வகுப்பாரைக் கட்டாயமாய் அழைக்க இடம் தந்தது. நிலம் உடையவர் ஒருவர்; மண் சுமந்தவர் வேறொருவர். நீரை மடைதோறும் பகிர்ந்துவிட்ட நீர்க்கட்டிகள் பல ஊர்களில் சேரியைச் சேர்ந்தவர்கள். ஏரியின் ஒவ்வொரு மடையையும் இருட்டில் கைதடவி அறிந்தவர்கள் அவர்களே. ஏரியைப் பற்றிப் பேசக் கூடிய சபையில் அவர்களுக்கு இடம் இருந்ததா? ‘ஊரார்’ என்ற சொல்லை யாரேனும் உச்சரித்தால், அதனுள் யார் யார் அடக்கம் என்று கேட்பதே சீர்திருத்தக்காரரின் முதற்கடமை.

மணிமங்கலம் இருக்கும் அதே காஞ்சிபுரம் ஜில்லாவில் உத்திரமேரூர் இருக்கிறது. அங்கே முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும், கோயிற் சுவரில் வெட்டிய சாசனங்கள் உலகறிந்தவை. ஊரை முப்பது குடும்புகளாய்ப் பிரித்து, பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்து வாரியங்களுக்கு ஆள் தெரிந்தெடுத்தனர். அவற்றுள் ஆறு பேர் கொண்டது ஏரி வாரியம். பதவிக்காலம் 360 நாள். ஒருமுறை வாரியஞ் செய்தவர் அடுத்த மூன்றாண்டு நிற்க முடியாது. இவற்றினும் மேலான விதி ஒன்றுண்டு. வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வரக்கூடாது. அவர் மட்டுமல்லர், அவருடைய நெருங்கிய உறவினரும் வரக்கூடாது. தாம் விலகி மைத்துனரை நிறுத்தும் தந்திரத்தை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே அறிந்து கதவடைத்திருக்கின்றனர்!

பெருமைக்குரியதே. ஆனால் அச்சாசனத்தின் மறுபாதியையும் படிக்கவேண்டும். கால் வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவராய், வேதப் பயிற்சி பெற்றவராய் இருந்தால்தான் பெயர் குடத்தில் விழும். அது பிராமணர் சபை. ஏரியில் மண் சுமந்தவன் பெயர் அக்குடத்துள் ஒருநாளும் விழுந்ததில்லை. பெண்ணின் பெயரும் விழுந்ததில்லை. கணக்குக் காட்டவேண்டும் என்பதில் நம்மினும் உயர்ந்திருந்தவர், யாருக்குக் காட்டவேண்டும் என்பதில் தாழ்ந்திருந்தனர். முன்னோரைப் போற்றுவோர் முதற்பாதியை மட்டும் சொல்கின்றனர். இகழ்வோர் இரண்டாம் பாதியை மட்டும் சொல்கின்றனர். நமக்கு இரண்டும் வேண்டும். முதற்பாதியைக் கைக்கொள்ளவும், இரண்டாம் பாதியைக் களையவும் வேண்டும்.

நாம் கூறவருவது இதுதான். வேலை கண்டிராக்டரிடம் இருந்தாலும் சங்கத்திடம் இருந்தாலும், ஏரி பிழைப்பது அதனால் அன்று. கணக்கு யார் முன் வைக்கப்படுகிறது என்பதாலேயே ஏரி பிழைக்கிறது. அதிகாரி முன் வைக்கும் கணக்கு எண்ணைச் சரிபார்க்கும். நிலமுடையவர் முன் வைக்கும் கணக்கு அவர் வயலைச் சரிபார்க்கும். மாடு மேய்ப்பவள், மீன் பிடிப்பவர், துணி வெளுப்பவர், கடைமடையில் அரை ஏக்கரைக் குத்தகைக்கு உழுபவர் ஆகிய இவர்கள் முன் வைக்கும் கணக்கே ஏரியைச் சரிபார்க்கும். ஏனெனில் ஏரி வற்றினால் முதலில் வாடுபவர் இவர்கள். வேறு கிணறு வெட்ட வகையற்றவர் இவர்கள்.

இது கனவன்று. இந்தியாவில் 2005ஆம் ஆண்டில் இயற்றிய ஊரக வேலை உறுதிச் சட்டம், தன் கீழ் நடந்த வேலைகளில் கண்டிராக்டரை விலக்கியதோடு, கிராம சபையே வேலைகளைத் தணிக்கை செய்யவேண்டும் என்றும் விதித்தது. அது எங்கும் ஒழுங்காய் நடந்தது என்று கூற மாட்டோம். கூலிக்கு மண் வெட்டியவளே எழுந்து நின்று பட்டியலைக் காட்டச் சொல்லலாம் என்று சட்டம் ஒருமுறை ஒப்புக்கொண்டது. அவ்வளவே நம் வாதத்திற்குப் போதும்.

வேண்டுவன பெரிய காரியங்கள் அல்ல. மண் எடுக்குமுன் ஏரியின் மட்டத்தை ஊர் முன்னிலையில் அளக்கட்டும். மழைக்கு முன் மறுபடி அளக்கட்டும். இடம், ஆழம், தொகை மூன்றையும் கரையில் தமிழில் எழுதி வைக்கட்டும். படிக்கத் தெரியாதவருக்குச் சபையில் உரக்கப் படிக்கட்டும். தொகையில் ஒரு பகுதியை ஒரு மழைக்காலம் கழியும்வரை நிறுத்திவைத்து, கடைமடைக்கு நீர் வந்ததா என்று கேட்டபின் கொடுக்கட்டும். வராவிட்டால் ஏன் வரவில்லையென்று தேடட்டும். வரத்துக்காலை மடக்கியவர் பெரிய மனிதராயினும் அவர் வாசல்வரை தேடிப் போகட்டும்.

கேள்வி கேட்பவனைக் கலகக்காரன் என்று கூறும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. நல்ல கண்டிராக்டருக்கு அக்கேள்வியால் கேடில்லை; அவனுடைய உழைப்பைத் திருடனுடைய பட்டியலிலிருந்து பிரித்துக் காட்டுவது அந்தக் கேள்வி ஒன்றே. நேர்மையான அதிகாரிக்கும் அது துணை. அஞ்சவேண்டியவர் எவரோ அவரே அஞ்சட்டும். தாமரையும் மீனும் வாய்திறந்து சாட்சி சொல்ல மாட்டா. இனிப் பிறக்கப்போகும் பிள்ளைகளும் இன்றைய சபைக்கு வர மாட்டார்கள். ஆகவே அவர்களுக்காகக் கேட்கவேண்டியவர் இன்று உயிரோடிருப்பவரே. அந்தக் கேள்வியை ஏரிக்கரையில் மிகச் சிறியவன் எழுந்து கேட்க, மிகப் பெரியவன் எழுந்து நின்று விடை சொல்லும் ஊரே நல்ல ஊர்.