கோசம் ஐந்தா, கோடியா?

நெல்லியாம்பதி மலையின் அடிவாரத்தில், கரும்பனைகளும் நெல்வயல்களும் சூழ அமைந்த ஊர் கொல்லங்கோடு. தமிழும் மலையாளமும் ஒரே வீட்டில் கலந்து புழங்கும் எல்லைப்பகுதி அது. அங்கே ஒரு வீட்டுத் திண்ணையில் பேரன் தன் அறிவியல் பாடத்தை உரக்கப் படிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அருகில் தைத்திரீய உபநிஷத வகுப்புக்குச் சென்று திரும்பிய பாட்டி அமர்ந்திருக்கிறாள். "மனித உடலில் கோடிக்கணக்கான கோசங்கள் உள்ளன" என்று பேரன் படித்ததும் பாட்டி திடுக்கிடுகிறாள். "என்னடா சொல்கிறாய்? கோசம் ஐந்துதானே!"

இருவர் சொல்வதும் சரியே. தமிழில் நாம் செல் என்றும் உயிரணு என்றும் சொல்வதை மலையாளப் பாடநூல் 'கோசம்' என்கிறது. அதன் உறை கோசஸ்தரம். உள்ளிருக்கும் கூழ் கோசத்ரவ்யம். நடுவிலுள்ள உட்கருவுக்கோ 'மர்மம்' என்று பெயர். வேதாந்தியின் கோசம் வேறு. அன்னமயம், பிராணமயம், மனோமயம், விஞ்ஞானமயம், ஆனந்தமயம் என்று ஆன்மாவை மறைத்து நிற்கும் ஐந்து உறைகளை அது குறிக்கிறது. (இவ்வைந்தையும் விளக்கும் பிரம்மானந்த வல்லியில் 'கோசம்' என்ற சொல் இடம்பெறுவதில்லை, பிற்கால வேதாந்த நூல்களே அப்பெயரை நிலைநிறுத்தின.) உறை, கூடு, கருவூலம் என்பதே சொல்லின் பொருள். 1665-இல் ராபர்ட் ஹூக் தக்கையின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் கண்டு, அதன் சிறுசிறு வெற்றிடங்களுக்கு 'செல்' என்று பெயரிட்டார். மேலை நாட்டு மடங்களில் துறவி தங்கும் சிற்றறைக்கும் அதே சொல்தான்.

இந்த ஒற்றுமையைக் கண்டதும், "நம் முன்னோர் செல்லை அன்றே அறிந்திருந்தனர்" என்று மேடையில் முழங்கும் ஆசை சிலருக்கு எழும். அது உபநிஷதத்திற்கும் நன்மை செய்யாது, அறிவியலுக்கும் நன்மை செய்யாது. ரிஷி ஆராய்ந்தது 'நான் யார்' என்ற வினாவை. நுண்ணோக்கி காட்டுவது அன்னமய கோசத்தின் உள்ளமைப்பை மட்டுமே. ஆனால் அந்த அன்னமயத்தை அற்பமாகக் கருதவும் இடமில்லை. உணவை இகழாதிருப்பதை ஒரு விரதமாகவே பிருகு வல்லி விதிக்கிறது.

அந்தச் சிற்றறைக்குள் சற்று நுழைவோம். செல்லின் சவ்வு வேண்டியதை உள்ளே விட்டு வேண்டாததைத் தடுக்கிறது. மர்மம் எனப்படும் உட்கருவின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். அதற்குள் நீட்டினால் ஏறக்குறைய 2 மீட்டர் நீளம் வரக்கூடிய டி.என்.ஏ. இழை அடங்கியிருக்கிறது. அதிலுள்ள குறிப்பின்படி ரைபோசோம்கள் புரதங்களைத் தொடுக்கின்றன. கோல்கை உறுப்பு அவற்றைப் பக்குவப்படுத்தி உரிய இடத்திற்கு அனுப்புகிறது. லைசோசோம் கழிவைச் செரிக்கிறது. மைட்டோகாண்ட்ரியா பிராணவாயுவின் துணையால் உணவிலிருந்து ஆற்றலை எடுத்துத் தருகிறது.

பேரன் இரத்தச் சிவப்பணுவையும் வரைந்து, நடுவில் ஒரு புள்ளி வைக்கிறான். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு அழிக்கிறான். "இதற்கு மட்டும் மர்மம் கிடையாது பாட்டி."

"எங்கே போயிற்று?"

எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் சிவப்பணு, முதிரும்போது தன் உட்கருவை வெளியே தள்ளிவிடுகிறது. மைட்டோகாண்ட்ரியாவையும் இழக்கிறது. அவ்வாறு கிடைத்த இடத்தில் ஏறத்தாழ 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் நிறைந்திருக்கின்றன. ஏறக்குறைய 120 நாள் அது உடலெங்கும் பிராணவாயுவைச் சுமந்து செல்கிறது. ஆனால் தன் ஆற்றல் தேவைக்கு அதில் சிறிதும் எடுத்துக்கொள்வதில்லை. மைட்டோகாண்ட்ரியா இல்லாததால் எடுத்துக்கொள்ள இயலாது. அணுவுக்குத் தியாக உணர்வு உண்டு என்று சொல்வது மிகை. எனினும் தனக்கென வாழாத கர்மயோகிக்கு உவமை தேடுபவர் வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை.

இதே பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடிக்குச் சென்றால் உவமை பேசும் நாக்கு அடங்கிவிடும். அங்குள்ள பழங்குடிக் குடும்பங்கள் பலவற்றில் சிவப்பணு கதிர் அரிவாளைப் போல வளைந்துவிடும் நோய் உண்டு. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். ஆறாவது இடத்தில் ஒன்றே ஒன்று மாறியிருக்கிறது. அதனால், பிராணவாயுவை இறக்கிவைத்ததும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கழிகளாக விறைக்கின்றன. வளைந்த அணுக்கள் நுண்குழாய்களை அடைக்கின்றன. குழந்தை எலும்பு வலியால் துடிக்கிறது. 120 நாள் வாழ வேண்டிய அணு 10 முதல் 20 நாளில் மடிகிறது. அண்டையிலுள்ள நீலகிரியின் பழங்குடி மக்களிடம் இக்குறை இருப்பதை 1952-இலேயே லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்டனர்.

அத்தகைய குழந்தையின் தாயிடம், "எல்லாம் முற்பிறவி வினை" என்று சொல்பவர் உண்டு. ஆறுதலாக எண்ணியே சொல்கின்றனர். அந்தத் தாய்க்கோ அது தீர்ப்பாகக் கேட்கிறது.

இங்கே நிதானமாகச் சிந்திக்க வேண்டும். இந்த மாற்றத்தைப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் பெரும்பாலும் நலமாகவே வாழ்கிறார். கொடிய மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பும் பெறுகிறார். காய்ச்சல் மிகுந்த காடுகளில் மூதாதையரைக் காத்ததும் இதுவே. அத்தகைய இருவர் மணந்தால், ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் குழந்தைக்கு நோய் வருகிறது. பாட்டனைக் காத்த கவசமே பேரனுக்குச் சுமையாகிறது. இதில் எவருடைய பாவத்தைப் பிரித்துக் காட்டுவது? கர்மத்தின் போக்கு அறிதற்கரியது என்று கீதையே எச்சரிக்கிறது. வினைக் கொள்கை, ஒருவன் தன் கடமையைத் தானே ஏற்றுக்கொள்வதற்காகச் சொல்லப்பட்டது. அடுத்தவர் வீட்டுத் துயரத்தை எடைபோடும் தராசாக அதைப் பயன்படுத்தும் உரிமை எவருக்கும் இல்லை. பிறர் துன்பத்தைத் தன் துன்பமாக உணர்பவனையே கீதையின் ஆறாம் அத்தியாயம் சிறந்த யோகி என்கிறது.

செய்யத்தக்கவை நிறைய உள்ளன. 2023 ஜூலை முதல் நாள் மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் இந்நோயை ஒழிப்பதற்கான தேசிய இயக்கம் தொடங்கப்பட்டது. 2047-க்குள் ஒழிப்பது அதன் குறிக்கோள். சில துளி இரத்தத்தைச் சோதித்து, மணத்திற்கு முன்பே உண்மையை அறியலாம். ஹைட்ராக்சியூரியா என்ற மருந்து பலருக்கு வலியின் தாக்குதலைக் குறைக்கிறது. சிலருக்கு அவ்வப்போது பிறர் இரத்தம் தேவைப்படுகிறது.

திண்ணையில் இருந்த பாட்டி இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு, எது கோசம் என்ற வழக்கை அத்துடன் விட்டுவிடுகிறாள். அவளுக்கு இப்போது வேறொன்று தெரிய வேண்டும்: "அந்தக் குழந்தைக்கு இரத்தம் வேண்டுமென்றால் எங்கே போய்க் கொடுக்க வேண்டும்?"