‘நமக்கு’ என்னும் சொல்லில் அவனும் அடங்குவனோ?

தன்மைப் பன்மையைக் குறிக்கத் தமிழில் இருவகைச் சொற்கள் உள்ளன. கேட்பவரையும் உடன் சேர்த்துக்கொண்டு சொல்வது ‘நாம்’. கேட்பவரை விலக்கித் தன்னையும் தன்னைச் சேர்ந்தவரையும் மட்டும் சொல்வது ‘யாம்’. இன்றைய வழக்கில் ‘நாங்கள்’. ‘நாம் கோயிலுக்குப் போவோம்’ என்றால் கேட்பவரும் புறப்படவேண்டும். ‘நாங்கள் போகிறோம்’ என்றால் அவர் வீட்டில் இருக்கலாம். இவ்வேறுபாட்டை நன்னூலார் வினைமுற்று விகுதிகளிலும் காட்டுகிறார்: அம், ஆம் என்பவை முன்னிலையாரையும், எம், ஏம், ஓம் என்பவை படர்க்கையாரையும் தன்மையோடு சேர்ப்பன என்பது அவர் வகுத்த முறை.

வடமொழியில் இப்பிரிவு இல்லை. ‘வயம்’ என்னும் ஒரே சொல் இரண்டுக்கும் பொது. ஆனால் தமிழில் இல்லாத இருமை எண் அங்கே உண்டு. ‘ஆவாம்’ என்றால் நாம் இருவர் என்றோ நாங்கள் இருவர் என்றோ பொருள்படும். எத்தனைபேர் என்று வடமொழி எண்ணிச் சொல்கிறது. யார் யார் என்று தமிழ் பிரித்துச் சொல்கிறது. தெலுங்கில் ‘மனமு’, ‘மேமு’ என்றும், மராத்தியில் ‘ஆபண்’, ‘ஆம்ஹீ’ என்றும் தமிழைப் போன்ற பிரிவு உண்டு. ஹிந்தியில் ‘ஹம்’ என்பதே இரண்டுக்கும் போதும்.

இவ்விலக்கணச் செய்தி நம் சிந்தைக்குரியதாவது எம்பெருமானை நோக்கிப் பேசும்போதுதான். அவன் முன் நின்று விண்ணப்பிக்கும் சேதநன் எந்தச் சொல்லைச் சொல்லத் தக்கவன்? ‘எங்களைக் காத்தருள்’ என்பதே இயல்பு. காப்பவன் ஒருவன், காக்கப்படுவோர் வேறு. அவனையும் உள்ளிட்டு ‘நாம்’ என்பது அடிமைக்குத் தகுமா?

திருப்பல்லாண்டில் பெரியாழ்வார் இருதலையையும் தனித்தனியே நிறுத்துகிறார். ‘அடியோம்’ என்பது ஒருபுறம், ‘நீ’ என்பது மறுபுறம். இரண்டுக்கும் நடுவே பிரிவு நேராதபடி மங்களாசாஸனம். அவர் திருமகளார் ஆண்டாளோ திருப்பாவையின் 28-ஆம் பாசுரத்தில் வேறொரு வழி எடுக்கிறாள். அங்கே ஆய்ச்சியர் தம் அறிவின்மையைச் சொல்லி, தம் குலத்தில் அவன் பிறக்கப்பெற்ற புண்ணியத்தையும் சொல்கின்றனர். புண்ணியம் சொல்லும் இடத்தில் சொல் ‘யாம்’. அது ஆயர்குலத்தார்க்கே உரியது. பிறந்தருளியவனை அதில் சேர்க்க வழியில்லை. அடுத்து உறவைச் சொல்லும் இடத்திலோ சொல் ‘நமக்கு’. அந்த உறவு ஒழிக்க ஒழியாதது என்கிறாள். உன்னாலும் விடப்போகாது, எங்களாலும் விடப்போகாது, இருவரும் கூடினாலும் விடப்போகாது என்று பெரியோர் இதை விவரிப்பர்.

சொல் மாறியது தற்செயலோ? பொருளை நோக்கினால் அப்படித் தோன்றவில்லை. புண்ணியத்துக்கு உடையவர் ஒருவரே போதும். உறவுக்கு இரண்டு தலை வேண்டும். சேஷி இல்லாமல் சேஷன் இல்லை. சேஷன் இல்லாமல் ஒருவனைச் சேஷி என்று சொல்லவும் இயலாது. தந்தை என்ற பெயர் மகனால் வருவது போன்றது இது. ஆகவே உறவு ‘எங்களுக்கு’ மட்டும் உரியதாக இருக்கமுடியாது. அவன் பங்கும் அதில் உண்டு.

அப்படியானால் அவனும் நாமும் ஒப்பாகிவிடோமா என்று கேட்கலாம். ஆகோம். ‘நாம்’ என்பது கேட்பவரைச் சேர்க்கிறதேயன்றி அவரைச் சமமாக்குவதில்லை. இடுப்பில் இருக்கும் குழந்தையிடம் தாய் ‘நாம் போவோம்’ என்கிறாள். நடப்பவள் அவள் ஒருத்தியே. ஆயினும் போவோர் இருவர். சேர்த்தி வேறு, ஒப்பு வேறு. உயர்வு தாழ்வு கெடாமலே சேர்த்தி நிற்கமுடியும் என்பதை இச்சிறிய சொல் காட்டுகிறது.

இங்கே ஓர் ஆக்ஷேபம் எழும். அதை மறைத்துச் செல்வது முறையன்று. அடுத்த 29-ஆம் பாசுரத்தில் ஆட்செய்வதைச் சொல்லும் இடத்தும் ‘நாம்’ என்றே இருக்கிறது. அதுவும் கோவிந்தனை நோக்கிய பேச்சே. ஆட்கொள்பவன் ஆட்செய்வாரோடு எண்ணப்படுவனோ? தோழியரையும் உளங்கொண்டு சொன்னாள் என்னலாம். யாம், நாம் என்னும் வரையறை அக்காலத்தே சற்று நெகிழ்ந்திருந்தது என்றும் கொள்ளலாம். எப்படியாயினும் ஒன்று தெளிவாகிறது: 28-ஆம் பாசுரத்தின் பொருளை ‘நமக்கு’ என்ற ஒரு சொல்லின்மேல் மட்டும் ஏற்றிவைப்பது பொருந்தாது. உறவு இருதலையது என்ற பொருளே அதைத் தாங்குகிறது. சொல் அப்பொருளுக்கு இடங்கொடுக்கிறது. இலக்கணம் வாசலைத் திறக்கும். உள்ளே இருப்பதைக் காட்டவேண்டியது பொருளே. இவ்வெல்லையை உணர்ந்து கற்பதும் சொல்லுக்கு நாம் செய்யும் மரியாதை.

இச்சொல் அவனோடு நிற்பதில்லை, அடியார்களிடத்தும் வருகிறது. அவனைக் கூப்பிடும்போது ‘எம்பெருமானே’ என்கிறோம். அவனுக்கு அவனே பெருமான் அல்லனாதலால் ‘எம்’ பொருந்துகிறது. அடியார் ஒருவரோடு ஒருவர் பேசும்போது திருவரங்கத்து அழகியமணவாளன் ‘நம்பெருமாள்’ ஆகிறான். பேசுபவர்க்கும் கேட்பவர்க்கும் அவனே பெருமாள். நம்மாழ்வார், நஞ்சீயர், நம்பிள்ளை என்னும் திருநாமங்களும் அவ்வாறே. இவை அவரவர் ஏற்றம் கண்டு அன்புடையோர் சாத்தியவை என்று உபதேசரத்தினமாலையில் மணவாள மாமுனிகள் அருளிச்செய்கிறார். நஞ்சீயர் முன்பு பட்டரோடு எதிர்நின்று வாதம் செய்தவர். வாதத்தில் தோற்று, பின்பு அனைத்தையும் துறந்து வந்தபோது பட்டர் அவரை ‘நம் ஜீயர்’ என்று அழைத்ததாகக் குருபரம்பரை கூறும். எதிர்த்தட்டில் நின்றவர் ‘நம்’ என்ற ஒரு சொல்லால் உள்ளே வந்தார்.

நம்மைக் கேட்கும் கேள்வி இங்கேதான் இருக்கிறது. ‘நம்மாழ்வார்’ என்ற பெயரை ஒருவர் காதில் விழும்படி சொன்ன கணமே, கேட்டவரும் அந்த ‘நம்’மில் அடங்கிவிடுகிறார். அவர் எந்த ஊரினர், எந்தக் குலத்தவர், எத்தனை பாசுரம் அறிந்தவர் என்று அச்சொல் விசாரிப்பதில்லை. ஆனால் கோஷ்டியில் புதிதாக வந்து ஓரத்தில் நிற்பவரை நாம் எந்தச் சொல்லால் நடத்துகிறோம்? வாயில் ‘நம்மாழ்வார்’ என்றும் நடத்தையில் ‘எங்கள் ஆழ்வார்’ என்றும் இருப்பின், அது இலக்கணப் பிழை மட்டுமன்று. சொன்ன சொல்லையே மறுப்பதாகும்.

விலக்கும் சொல் வேண்டாம் என்பதில்லை. குற்றத்தைச் சொல்லும் இடத்தில் ‘யாம்’ என்பதே தகும். நம் அறிவின்மையில் கேட்பவரைப் பங்காளியாக்குவது அழகன்று. உறவையும் அருளையும் சொல்லும் இடத்தில் ‘நாம்’ தகும். இவ்விரண்டையும் இடமறிந்து வழங்கினாள் ஆய்ச்சியரின் வாயால் பேசிய ஆண்டாள். குறையைத் தன்பக்கமும் உறவை இருபக்கமும் வைத்துப் பேசும் அம்முறை, பாசுரத்தை அநுஸந்திக்கும் நமக்கும் நாள்தோறும் பயிலத்தக்கது.