தொண்டைக்குத் தேய்மானம் உண்டா?

இடுப்பில் குட்டி ஸ்பீக்கர், வாயருகே மைக் என்று சில டீச்சர்கள் வகுப்புக்குப் போகிறார்கள். லேகியம் விற்கிற மாதிரி இருக்காம், சிரிக்கிறோம்.

பேசும்போது பெண்களின் குரல்நாண்கள் நொடிக்குச் சுமார் 200 தடவை மோதிக்கொள்கின்றன. சுற்றிலும் இரைச்சல் இருந்தால் நம்மை அறியாமலே குரலை உயர்த்துவோம். பிரெஞ்சு டாக்டர் லொம்பார்ட் 1911-லேயே சொன்னது. அறுபது பிள்ளைகள், கடகடக்கும் ஃபேன்... டீச்சர் கத்தாமல் என்ன செய்வார்? மைக் இருந்தால் கத்த வேண்டாம்.

சரி, அதை யார் வாங்கித் தருவது? பி.காம். படித்த புத்தி, கணக்குதான் பார்க்கிறது. ஸ்கூல் பஸ்ஸுக்கு வருஷா வருஷம் தேய்மானம் எழுதுகிறோம். டீச்சர் தொண்டைக்கு? போலந்தில் நாள்பட்ட குரல் கோளாறு, தொழில் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. இங்கே மிளகுப் பால். மிஞ்சினால் சொந்தக் காசில் மைக்.

"அதான் சம்பளம் வாங்கறாங்களே" என்பீர்கள். பஸ் டிரைவரும்தான் வாங்குகிறார். டயரை அவரா வாங்கிப் போடுகிறார்?