மடையும் வயலும்

சீடன்: ஐயா, கேட்பவரை மனத்தில் வைத்துக் கதை கட்டுவது விலைபோவது ஆகாதா? அவர்களுக்குப் பிடித்ததையே கொடுத்துக்கொண்டிருந்தால் கவிஞனுக்கென்று என்ன மிஞ்சும்?

குரு: கேட்பவரின் விருப்பம் வேறு, அறிவு வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வரும் ஐயம் இது. அடவிநயினார் அணையிலிருந்து நம் பண்பொழிப் பக்கம் வரும் தண்ணீரைப் பார், தம்பி. நெல்லுக்கு வயல் நிறைய நிற்க வேண்டும். தென்னைக்குத் தூரடியில் ஊறினால் போதும். தண்ணீர் பாய்ச்சுகிறவன் பயிரைப் பார்த்துத்தான் மடையை வெட்டுகிறான். அதனால் தண்ணீரின் தரம் தாழ்ந்தது என்று எவரும் சொல்வதில்லை. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் குற்றாலநாதர் மேல் தலபுராணமும் பாடினார், குறவஞ்சியும் பாடினார். தெய்வமும் மலையும் புலமையும் ஒன்றே. புராணம், ஒருவர் வாசிக்க மற்றவர் பொருள் சொல்ல, ஆற அமரக் கேட்கும் அவைக்கு உரியது; ஒரே விருத்தத்தில் நின்று நாழிகைக் கணக்கில் விரிக்கலாம். குறவஞ்சியோ ஆடிக் காட்டுவது. அங்கே உரை சொல்ல ஆளில்லை. ஆகவே கூட்டத்துக்கு முன்பே தெரிந்ததைக் கொண்டு கவிராயர் வேலை வாங்குகிறார். குறத்தி சிங்கியைத் தேடி அலைந்து வந்த அவள் கணவன் சிங்கன், அவள் காலில் விரியன் பாம்பு கிடப்பதேன் என்கிறான். குறி சொல்லிப் பெற்ற சிலம்பு என்கிறாள். செத்த தவளையைக் காலில் கட்டியிருப்பதேன் என்கிறான்; குற்றாலர் சந்நிதிப் பெண்கள் தந்த கெச்சம் என்னும் சதங்கை என்கிறாள். இப்படியே நகை நகையாகப் போகிறது. சிங்கன் வாய்திறக்கும்போதே பார்ப்பவருக்கு விடை தெரியும். அவனைவிடத் தமக்குக் கொஞ்சம் கூடத் தெரியும் என்ற மகிழ்ச்சியில்தான் சிரிப்பு பிறக்கிறது. சிலம்பையே கண்டிராத கூட்டமாக இருந்தால் பாட்டு அங்கேயே முடங்கியிருக்கும். இதில் கவிராயர் எதை விட்டுக்கொடுத்தார்? அந்தத் தவளைக் கேள்வியின் விடைக்குள்ளும் குற்றாலர் சந்நிதி வந்து நிற்கிறதே! வெட்டிய மடைதான் வேறு.

சீடன்: மதுரை நாயக்கர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் குறவஞ்சிக்காக நிலம் கொடுத்தாரே. மன்னர் மனம் குளிரப் பாடியது என்று ஏன் கொள்ளக்கூடாது?

குரு: பரிசு பாட்டுக்குப் பின்னால் வந்தது. அந்த நிலத்துக்கும் குறவஞ்சி மேடு என்றுதான் பெயர். அதை விடு, ஆளுக்கேற்ப மடை மாறுவதை விளையாட்டிலும் பார். பரமபதம் வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பவர்கள் ஆடுவது. வைகுண்டத்தை எட்டப்போகும் இடத்தில் பெரிய பாம்பு கிடக்கிறது. சீக்கிரம் முடிக்க நினைப்பவனுக்கு அது கொடுமை. விடியும்வரை விழித்திருக்க வந்தவனுக்கு அதுவே துணை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த விளையாட்டு இங்கிலாந்துக் குழந்தைகளிடம் போனபோது வைகுண்டமும் இல்லை, இரவு விழிப்பும் இல்லை. பாம்புக்கு ஈடாக ஏணிகளைக் கூட்டிக்கொண்டார்கள். பயிர் மாறியது, மடையும் மாறியது. இதைவிட நுட்பமானது நம் பக்கத்துக் கோயில் கொடைகளில் நடக்கும் வில்லுப்பாட்டு. சுடலைமாடன் கதை தெரியாதவர் அந்தப் பந்தலில் இருப்பது அரிது. அடுத்து என்ன என்ற ஆவலை வைத்து அங்கே ஒன்றும் செய்ய முடியாது. அவர்கள் வந்தது கதை அறிய அன்று, சாமி இறங்குவதைக் காண. எனவே வில்லடிக்கும் புலவரின் கண் சாமியாடும் கோமரத்தாடியின் மேலேயே இருக்கிறது. உடம்பில் நடுக்கம் தெரிந்ததும் வருணனையைப் பாதியில் விட்டுவிடுகிறார்; வில்லை அடிக்கும் வீசுகோல் வேகம் பிடிக்கிறது, குடமும் உடுக்கும் கூடவே ஓடுகின்றன. அருள் வரத் தாமதமானால் பாடிய அடியையே திரும்பத் திரும்பப் பாடுகிறார். குலவை எழுந்து, ஆட்டம் முடிந்து, திருநீறு வாங்கியவர்கள் மறுபடி உட்காரும்வரை கதை அடுத்த கட்டத்துக்கு நகர்வதில்லை.